அன்ன வண்டி கவிழ்ந்த ஞாயிறு

நாற்காலித் தொழிற்சாலையில் அவளைக் 'கவிழ்ப்பக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டப்பெயர்தான், ஆனால் பார்க்கும் வேலையும் அதுவே. புதிதாக ஒரு நாற்காலி செய்தால், கடைக்குப் போகும் முன் அது சோதனை அறையில் அவள் கைக்கு வந்தாக வேண்டும். ஒரு பக்கம் கீல் வைத்த இரும்புப் பலகை ஒன்று அங்கே இருந்தது. அதன்மேல் நாற்காலியை நிறுத்தி, கால் வழுக்காமலிருக்க ஒரு கட்டையை முட்டுக்கொடுத்து, உட்காருமிடத்தில் மணல் மூட்டையை வைத்து, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிப் பலகையை உயர்த்துவாள். எந்தக் கோணத்தில் இரண்டு கால்கள் எழும்பி நாற்காலி குப்புற விழப் பார்க்கிறதோ, அந்த எண்ணை எழுதி வைப்பாள். பத்து வருஷமாக இதே பிழைப்பு. விருந்துக்குப் போன வீட்டில்கூட சோபாவின் கையைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள். வீட்டுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். அவள் புருஷன் மட்டும், "விடுங்க, அவளுக்குக் கை அரிக்கும்" என்று சிரித்துச் சமாளிப்பான்.

அப்படிப்பட்டவள் வீட்டுக்குத்தான் அந்த அன்ன வண்டி வந்தது.

கொண்டு வந்தது அவள் நாத்தனார். புருஷனுக்கு எட்டு வயது மூத்தவள். தாயில்லாத வீட்டில் தம்பியைத் தூக்கி வளர்த்தவள். கடைத்தெருவில் குழந்தைச் சாமான்கள் விற்கும் கடை வைத்திருந்தாள். தொட்டில், தள்ளுவண்டி, பொம்மை, ஓட்டும் வண்டி என்று இரண்டு மாடி நிறையச் சரக்கு. தம்பி மகள் சுண்டுவுக்கு இரண்டு வயது நிறைந்த அன்று, கடை வேனிலேயே வந்து இறங்கினாள். கையில் பெட்டிகூட இல்லை. வண்டியை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து கூடத்தின் நடுவில் வைத்தாள்.

பார்க்க அழகு என்றால் அப்படி ஓர் அழகு. வெள்ளை அன்னம். நீண்ட கழுத்து வளைந்து மேலே போய் அதுவே கைப்பிடியாக முடிந்தது. முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. சுண்டு "வாத்து, வாத்து" என்று கத்திக்கொண்டு அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

கவிழ்ப்பக்காவின் கண் கழுத்துக்குப் போகவில்லை. பின்சக்கரங்களுக்குப் போனது. இரண்டுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. உட்காரும் இடமோ சுண்டுவின் இடுப்புக்கு மேலே இருந்தது. கைப்பிடியைத் திருப்பிப் பார்த்தாள். எங்கேயும் முட்டி நிற்காமல் முழு வட்டமாகச் சுற்றியது. கழுத்தில் ஒரு துண்டு மஞ்சள் நூல் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கத்தரித்து எறிந்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணி, இது கொஞ்சம் ஆடற மாதிரி இருக்கே. உயரமும் ஜாஸ்தி."

நாத்தனார் சிரித்தாள். "உன் ஃபேக்டரிக் கண்ணை வாசல்ல செருப்போட கழட்டி வச்சுட்டு வாம்மா. ஊர்ல எத்தனை பிள்ளைங்க இதை ஓட்டுது தெரியுமா?"

"அக்கா ஆசையா கொண்டு வந்திருக்கா" என்றான் புருஷன். லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்கப் பத்தாவது மாடியில் கயிற்றைப் பிடித்துத் தொங்குகிறவன், அக்கா முன்னால் வந்தால் மட்டும் கால் நடுங்குவான்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். அதுதான் பின்னால் அவளை அறுத்தது. தெரிந்தும் மூடிக்கொண்டோமே என்பது.

மூன்றாம் நாள் மாலை சுண்டு விழுந்தாள். தொழிற்சாலையிலிருந்து மேற்பார்வையாளர் கூப்பிட்டிருந்தார். போன் அவள் கையில் இருந்தது உண்மை. கண் பிள்ளை மேல் இருந்ததும் உண்மை. இரண்டு எட்டு தூரம்தான். சுண்டு அம்மாவைப் பார்த்துச் சிரித்து, கைப்பிடியை ஒரேயடியாக அவள் பக்கம் திருப்பி, உடம்பைச் சாய்த்தாள். அன்னம் அப்படியே பக்கவாட்டில் படுத்துக்கொண்டது. போனைப் போட்டுவிட்டுப் பாய்ந்தும் எட்டவில்லை. சுண்டுவின் முகவாய் நிலைப்படியில் மோதியது. சத்தம் சின்னதாகத்தான் கேட்டது. இரத்தம்தான் நிற்கவில்லை.

நாலு தையல். தையல் போடும்போது சுண்டுவின் கைகளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள், அவள் பிடித்துக்கொண்டாள். பிள்ளை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு அலறியது, நீயுமா என்பது போல.

வெளியே ஆஸ்பத்திரி வராந்தாவில் நாத்தனார் தம்பியிடம் பேசிக்கொண்டிருப்பது கதவிடுக்கில் கேட்டது. "பெத்தவ கண்ணு போன்ல இருந்தா பிள்ளை விழாம என்ன பண்ணும்? நான் கொடுத்த வண்டியா தள்ளிவிட்டுச்சு?"

புருஷன் உள்ளே வந்தான். பிள்ளையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "நீ எங்க இருந்தே?" என்றான்.

அவள் சுண்டுவைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டாள்.

அந்த வாரத்துக்குள் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் சேதி போய்விட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பெரியம்மா போன் பண்ணி, "காலம் கெட்டுக் கிடக்கு, போனைக் கொஞ்சம் தள்ளி வையும்மா" என்றாள். சித்தப்பா, "பிள்ளை பெத்தா மட்டும் போதாது" என்றார். முகம் தெரியாத ஒன்றுவிட்ட மச்சான் பெண்டாட்டிகூடக் கூப்பிட்டு, தன் மூன்று பிள்ளைகளும் ஒரு கீறல் இல்லாமல் வளர்ந்த கதையைச் சொன்னாள். எல்லோருக்கும் அவள் "சரிங்க, சரிங்க" என்றாள். ஒவ்வொரு போனும் முடிந்ததும் சமையலறைக் காலண்டரின் பின்பக்கத்தில் ஒரு பெயரை எழுதினாள். எதற்கு எழுதுகிறோம் என்று அப்போது அவளுக்கே தெரியாது. வாரக் கடைசியில் பத்துப் பேர் சேர்ந்திருந்தார்கள்.

தையல் பிரித்த மறுநாள், அன்ன வண்டியைக் கடையிலேயே திருப்பி வைத்துவிடலாம் என்று எடுத்துப் போனாள். நாத்தனார் வாடிக்கையாளர் கூட்டத்தில் இருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்காமல், "பின்னாடி கிடங்குல வச்சுடும்மா" என்றாள்.

கிடங்கில் அட்டைப் பெட்டிகளைத் தாண்டிப் போனால், மூலையில் இன்னும் இரண்டு அன்னங்கள் நின்றன. இரண்டின் கழுத்திலும் ஒவ்வொரு அட்டைச் சீட்டு. நாத்தனாரின் கொட்டை எழுத்து அவளுக்குத் தெரியும். 'திரும்பி வந்தது. பக்கவாட்டில் சாயுதாம். பல் உடைஞ்சதுன்னு சண்டை.' இன்னொன்றில், 'திரும்பி வந்தது. கவிழுது.' அதில் போட்டிருந்த தேதி, சுண்டுவுக்கு வண்டி வந்ததற்கு ஒரு மாதம் முந்தியது. பக்கத்தில் ஜன்னல் திட்டில் மூன்றாவது சீட்டு ஒன்று தனியாகக் கிடந்தது. 'திரும்பி வந்தது. நட்டு இறுக்கிப் பார்க்கணும்.' நூல் அறுந்திருந்தது.

மூன்று சீட்டிலும் நூல் மஞ்சள்.

கையில் இருந்த வண்டியை அவள் கீழே வைத்தாள். அன்று கூடத்தில், கழுத்திலிருந்து கத்தரித்து எறிந்தோமே, அந்தத் துண்டு நூல். இன்னொரு வீட்டில் பிள்ளையைத் தள்ளிவிட்டுத் திரும்பி வந்த வண்டி. அதைத்தான் சீட்டைப் பிய்த்துப் போட்டுவிட்டு, தம்பி மகளுக்கு என்று கொண்டு வந்து கூடத்தின் நடுவில் வைத்திருக்கிறாள். பெட்டியில்லாமல் வந்தது ஏன் என்று இப்போது புரிந்தது.

முன்கடைக்குப் போய் நாத்தனாரின் தலைமயிரைப் பிடித்து உலுக்கத்தான் கை துடித்தது. உலுக்கினால் என்ன ஆகும்? தம்பி பெண்டாட்டி கடைக்கு வந்து ரகளை பண்ணினாள் என்று பதினோராவது ஆளுக்கும் சேதி போகும். அவள் மூன்று சீட்டுகளையும் எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"வச்சுட்டேன் அண்ணி" என்றாள், சிரித்த முகமாக. புலி பதுங்கிய நேரம் அது.

கடை வாசலில் ஒரு பெரிய தட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். வருகிற ஞாயிறு 'முதல் வண்டித் திருநாள்' என்று நாத்தனாரே வைத்த பெயர். உங்கள் செல்லத்துக்கு முதல் வண்டி எது, வந்து தேர்ந்தெடுங்கள் என்று கொட்டை கொட்டையாய் எழுதியிருந்தது.

அன்று சாயங்காலமே அவள் நாத்தனாருக்குப் போன் பண்ணினாள். "அண்ணி, ஞாயித்துக்கிழமை நான் வந்து உதவி பண்ணட்டுமா? எங்க ஃபேக்டரில ஒரு மடக்குப் பலகை இருக்கு, வெளிய கொண்டு போய்க் காட்டறதுக்குன்னே செஞ்சது. ஜனங்க கண்ணு முன்னாடி வண்டியை நிறுத்திச் சாய்ச்சுக் காட்டுவோம். கடைல சோதிச்சு விக்கறாங்கன்னு நம்பிக்கை வரும்."

நாத்தனாரின் குரலில் தேன் வழிந்தது. "பாரேன், உன் வேலையும் ஒரு வேலைக்கு ஆகுதே! வாம்மா, வா. பழசை மனசுல வச்சுக்காம வரே பாரு, அதான் பெருந்தன்மை."

"அதெல்லாம் என்னைக்கோ மறந்துட்டேன் அண்ணி."

மூன்று நாள் உட்கார்ந்து அவள் ஒரு பிள்ளையைத் தைத்தாள். தலையணை உறையில் மணல் அடைத்து, கைகால் வைத்து, சுண்டுவின் எடைக்குச் சரியாகப் பதினொன்றரை கிலோ. இரண்டு வயதுப் பிள்ளைக்குத் தலைதான் கனம். அதனால் மணலில் பெரும்பங்கை மேலே ஏற்றினாள். வேறு வேறு வண்டிகளை மனதில் நிறுத்திக் காலை வளைத்துப் பார்த்தாள். கடைசியில் சுண்டுவுக்குச் சின்னதாகிப் போன நீலச் சட்டை ஒன்றை அதற்குப் போட்டுவிட்டாள். சுண்டு அதைப் பார்த்து, "பாப்பா தூங்குது" என்றாள்.

புருஷனுக்கு ஒன்றும் தெரியாது. மனைவியும் அக்காவும் ராசியாகிவிட்டார்கள் என்று உச்சி குளிர்ந்துபோய் இருந்தான். பலகையை அவனேதான் வேனில் ஏற்றினான்.

ஞாயிறு காலை பத்து மணிக்கே கடை நிரம்பிவிட்டது. தூக்கிய பிள்ளை, நடக்கிற பிள்ளை, தரையில் உருண்டு அடம்பிடிக்கிற பிள்ளை. நாத்தனார் பட்டுப்புடவை உடுத்திக்கொண்டு மைக் பிடித்திருந்தாள். வாசல் பக்கம் பலகையை விரித்து, கோணம் காட்டும் வட்டை மாட்டி, நீலச் சட்டைக்காரியை மேசைமேல் உட்கார வைத்தாள் கவிழ்ப்பக்கா. கூட்டம் சிரித்தது. "மணல் பாப்பா, மணல் பாப்பா" என்று பிள்ளைகள் மொய்த்தன.

"முதல் வண்டின்னா நாலு விஷயம் பாருங்க" என்று தொடங்கினாள். தொழிற்சாலையில் புது ஆட்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் அதே நிதானக் குரல். "உக்காந்தா ரெண்டு பாதமும் முழுசா தரையில படியணும், நுனிக்கால் இல்ல. பின்சக்கரம் ரெண்டும் நல்லா அகண்டு இருக்கணும். கைப்பிடி கொஞ்சம் திரும்பி முட்டி நிக்கணும், சுத்திக்கிட்டே போகக் கூடாது. அப்புறம், வண்டியே ஒரு கனம் கனக்கணும். மத்தபடி கலரு, பாட்டு, லைட்டு எல்லாம் நமக்கு, பிள்ளைக்கு இல்ல."

"பெடல் இருந்தா நல்லதா, இல்லாட்டி நல்லதா?" என்று ஒருவர் கேட்டார்.

"ரெண்டு வயசுக்குப் பெடல் வேண்டாங்க. காலாலயே தள்ளிப் போகட்டும். பெடல்ல கால் மாட்டினா தரையில எப்படி ஊன்றும்?"

முதலில் ஒரு குட்டை நாலுசக்கர வண்டி. மரநிறம், பார்க்கக் களையே இல்லை. மணல் பாப்பாவை உட்கார வைத்து, கைப்பிடியைத் திருப்பிவிட்டு, பலகையைச் சுற்றினாள். ஐந்து, பத்து, பதினைந்து. பத்தொன்பதில்தான் சக்கரம் எழும்பியது. கைதட்டினார்கள். அடுத்தது ஒரு யானை வண்டி, பதினாறு. ஒரு மூன்றுசக்கரம், பதினான்கு. தேறியது, தேறியது என்று நாத்தனார் மைக்கில் கூவினாள். எட்டுக் குடும்பம் அப்போதே வண்டியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றது.

"நம்ம கடை வாசல் சரிவு எவ்வளவு தெரியுமா?" என்றாள் கவிழ்ப்பக்கா. "காலைல அளந்தேன். ஆறு டிகிரி. ஆக ஒரு பத்து டிகிரியாவது தாங்கணும், இல்லையா? அதுக்குக் கீழ இருந்தா வாசல்லயே பிள்ளை விழும்."

எல்லோரும் தலையாட்டினார்கள்.

அவள் காத்திருந்தாள். அதிகம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. அலமாரியின் உச்சியில் புத்தம்புதிய அன்னங்கள் ஆறு, பெட்டிகளின் மேல் வரிசையாக நின்றன. இரட்டைப் பெண் பிள்ளைகளைப் பிடித்திருந்த ஒரு தாய் கையைக் காட்டினாள். "அது ரொம்ப அழகா இருக்கே. அதைச் சோதிங்களேன். எனக்கு ரெண்டு வேணும்."

நாத்தனாரின் கை மைக்கோடு பாதியில் நின்றது. "அது... அது கொஞ்சம் பெரிய பிள்ளைங்களுக்கு" என்றாள்.

"ரெண்டு வயசுலேருந்துன்னு பெட்டியில போட்டிருக்கே" என்றாள் அந்தத் தாய்.

"எடுத்து வச்சாப் போச்சு அண்ணி" என்று கவிழ்ப்பக்கா தானே ஏணியில் ஏறி இறக்கினாள்.

மணல் பாப்பாவை அன்னத்தின் மேல் உட்கார வைத்தாள். பாதம் தரையைத் தொடவில்லை. அதை எல்லோரும் பார்க்கட்டும் என்று சற்று நேரம் விட்டாள். கைப்பிடியைத் திருப்பினாள். பலகையைச் சுற்றத் தொடங்கினாள். ஒன்று. இரண்டு. மூன்று. கூட்டம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது. நாலைத் தாண்டவில்லை. அன்னம் பக்கவாட்டில் படுத்தது. நீலச் சட்டைப் பிள்ளை தலைகீழாகப் பாய்ந்து தரையில் 'தொம்' என்று விழுந்தது. கழுத்துத் தையல் விட்டு மணல் கொட்டியது.

ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. சுண்டுவைத் தோளில் வைத்திருந்த புருஷன் பிள்ளையின் தலையைத் தன் கழுத்தோடு அழுத்திக்கொண்டான்.

அவள் நாத்தனாரிடமிருந்து மைக்கை வாங்கினாள். வாங்கினாள் என்ன, விரல்களைப் பிரித்து எடுத்தாள்.

"இதே மாதிரி வண்டியில இருந்துதான் என் பொண்ணு விழுந்தா. நாலு தையல். அப்போ எல்லாரும் என்னைக் கேட்டாங்க, நீ எங்க இருந்தேன்னு. நான் ரெண்டு எட்டுல இருந்தேன்." கைப்பையைத் திறந்து மூன்று சீட்டுகளையும் உயர்த்திக் காட்டினாள். "இது இந்தக் கடைக் கிடங்குல இருந்தது. ஒண்ணொண்ணா படிக்கிறேன்."

படித்தாள். தேதியோடு படித்தாள். பல் உடைந்த சண்டையைப் படித்தபோது கூட்டத்தின் பின்னாலிருந்து யாரோ "அடப்பாவமே" என்றார்கள்.

"இதுல மூணாவது வண்டிதான் என் வீட்டுக்கு வந்தது. அண்ணி, நீங்களே சொல்லுங்க. இந்தச் சீட்டுங்களை எழுதிக் கட்டினப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

நாத்தனாரின் உதடு அசைந்தது. "நட்டு இறுக்கினா சரியாயிடும்னு..." என்றாள். மைக் அவளிடம் இல்லாததால் முன்வரிசைக்குத்தான் கேட்டது. முன்வரிசை பின்வரிசைக்குச் சொன்னது.

இரட்டைப் பிள்ளைக்காரி முதலில் வெளியேறினாள். பிறகு வரிசையில் நின்ற எட்டுக் குடும்பமும், நல்ல வண்டிகளை அப்படியே தரையில் வைத்துவிட்டு. பத்து நிமிஷத்தில் கடையில் பொம்மைகளும் இந்த ஒரு குடும்பமும்தான் மிச்சம். கவிழ்ப்பக்கா குனிந்து கொட்டிய மணலை ஒரு துளி விடாமல் கூட்டி அள்ளினாள். பலகையை மடக்கினாள். அவளுக்கு அப்போது பசித்தது. இரண்டு வாரமாக இல்லாத பசி.

வீட்டுக்குள் நுழைந்ததும் புருஷன் வெடித்தான். "வீட்டு விஷயத்தை வீதிக்குக் கொண்டு வந்துட்டியே! அவ என்னை வளர்த்தவ!"

"வீட்டு விஷயமா இருந்தப்போ எனக்காக யாரு வாயைத் திறந்தீங்க?" என்றாள் அவள். "உங்களை வளர்த்தவங்கதான், இல்லேங்கல. அதுக்கு என் பிள்ளை முகவாயா கூலி?"

அவன் சுண்டுவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான்.

நாலாம் நாள் மாலை நாத்தனார் வந்தாள். வேனில் இல்லை, நடந்து. கண் வீங்கியிருந்தது. கடைக்கு ஈ காக்கை வரவில்லை என்றாள். அன்னங்கள் எல்லாவற்றையும் கம்பெனிக்கே திருப்பி அனுப்பிவிட்டேன் என்றாள். "மத்த வண்டிங்க நல்லதுன்னு உனக்கே தெரியும். நீ ஒருதடவை வந்து ஜனங்ககிட்டச் சொன்னாப் போதும். உன் கால்ல வேணும்னாலும் விழறேன்."

"கால்ல எல்லாம் விழ வேண்டாம் அண்ணி. உக்காருங்க." அவள் காலண்டரைக் கழற்றி வந்து மேசைமேல் திருப்பி வைத்தாள். "உங்க போனை எடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. இதுல இருக்கறவங்களை ஒவ்வொருத்தரையா கூப்பிடுங்க. மூணே வாக்கியம். 'வண்டி கவிழும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் கொடுத்தேன். பிள்ளை விழுந்தது அவ அம்மா தப்பில்ல.' அவ்வளவுதான். அப்புறம் ஞாயித்துக்கிழமை நான் கடைக்கு வரேன்."

நாத்தனார் பட்டியலைப் பார்த்தாள். "எல்லாருக்குமா?"

"நீங்க யாரையும் விடலையே."

பெரியம்மாவில் தொடங்கியது. "என்னடி உளர்றே? நீதானே சொன்னே, அவ போனை நோண்டிக்கிட்டு..." "நான் சொன்னது பொய் பெரியம்மா" என்று நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். மாமா ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார். அது அழுகையைவிட மோசமாக இருந்தது. மூன்று பிள்ளைகளைக் கீறலில்லாமல் வளர்த்தவள், "அய்யய்யோ, நான் அந்தப் பொண்ணை எப்படியெல்லாம் பேசிட்டேன், உன்னாலதானே" என்று நாத்தனாரைப் பிடித்து உலுக்கி எடுத்தாள். ஐந்தாவது ஆள் மூன்றாம் வாக்கியம் முடிந்ததுமே போனை வைத்துவிட்டார்.

ஏழாவது போனில் குரல் உடைந்தது. இரண்டாம் வாக்கியம் வரவே இல்லை. தொண்டையைச் செருமினாள், மறுபடி செருமினாள், கண்ணீர் மேசையில் விழுந்தது. கவிழ்ப்பக்காவுக்குப் போதும் என்று தோன்றியது. தோன்றியது என்பதை அவள் மறைக்கவில்லை. பின்னாளில் கேட்டவர்களிடம் சொல்லியிருக்கிறாள். எழுந்து போய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டு வந்து நாத்தனார் முன்னால் வைத்தாள். குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தாள்.

"அடுத்தது சித்தப்பா" என்றாள்.

பத்தும் முடிந்தது. நாத்தனார் போனைக் கவிழ்த்து வைக்கப் போனாள்.

"இன்னும் ஒருத்தர் இருக்காரு அண்ணி. நான் எழுதல. ஆஸ்பத்திரி வராந்தாவுல அவருக்குத்தான் நீங்க முதல்ல சொன்னீங்க."

நாத்தனார் புரியாமல் பார்த்தாள், பிறகு புரிந்து தம்பியின் எண்ணை அழுத்தினாள். அடுத்த அறையில் போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது. கடைசியில் எடுத்தான். அக்கா மூன்று வாக்கியத்தையும் சொன்னாள். சுவர் வழியாக ஒன்று, போன் வழியாக ஒன்று என்று அவன் மூச்சு இரண்டாகக் கேட்டது.

"சரிக்கா" என்றான். அப்புறம், "நான் கேட்டிருக்கணும். அவகிட்ட கேட்ட மாதிரி உன்கிட்டயும் கேட்டிருக்கணும்" என்றான்.

அவன் வெளியே வரவில்லை. அவளும் கூப்பிடவில்லை. அவனோடு சரியாகப் பேச அவளுக்கு இன்னும் ஒரு மாதம் ஆனது, அது தனிக்கதை.

வாசலில் செருப்பை மாட்டும்போது நாத்தனார் திரும்பினாள். "இப்போ திருப்தியா?"

"திருப்திதான் அண்ணி."

சொன்ன சொல்லைக் கவிழ்ப்பக்கா காப்பாற்றினாள். அடுத்த ஞாயிறு பலகையோடு கடைக்குப் போனாள், மணல் பாப்பாவின் கழுத்தை மறுபடி தைத்து எடுத்துக்கொண்டு. வந்தவர்கள் பத்துப் பேர்தான். அதற்கடுத்த வாரம் முப்பது. எந்தப் புது வண்டி வந்தாலும் பலகை ஏறாமல் அலமாரி ஏறக் கூடாது என்று நாத்தனாரே ஒரு விதி வைத்துக்கொண்டாள். பயத்தில் வைத்ததா, புத்தி வந்து வைத்ததா என்று கவிழ்ப்பக்கா ஆராயவில்லை.

சுண்டுவுக்கு அந்தக் களையில்லாத மரநிற வண்டி வந்தது. பத்தொன்பது டிகிரி. நாத்தனார்தான் கொடுத்தனுப்பினாள். ஆனால் சுண்டு அதில் ஏறவில்லை. தூர நின்று பார்த்தாள். பொம்மைகளை ஏற்றித் தள்ளினாள். தூக்கி உட்கார வைத்தால் காலை மடக்கிக்கொண்டு அம்மாவின் கழுத்தை இறுக்கினாள். நாத்தனார் தினமும் காலை போன் பண்ணினாள். வேறு பேச்சே இல்லை. "ஏறினாளா?"

"இன்னும் இல்ல அண்ணி."

"நாளைக்குக் கேக்கறேன்" என்று சுருதி இறங்கி வைப்பாள்.

பதினோராம் நாள் யாரும் சொல்லாமல் சுண்டு தானாகவே ஏறினாள். ஒரு காலைப் போட்டாள், யோசித்தாள், இன்னொரு காலைப் போட்டாள். பாதம் இரண்டும் தரையில் அப்பிக்கொண்டன. ஓர் உந்து உந்தினாள். கவிழ்ப்பக்கா சமையலறை வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள், கிட்டே போகாமல். மாலைக்குள் சுண்டு கூடத்துக்கும் படுக்கையறைக்குமாக வண்டியை ஓட்டி, மேசைக்கால் நாலையும் இடித்துத் தீர்த்துவிட்டாள்.

மறுநாள் காலை போன் வந்தபோதும் வண்டி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. கவிழ்ப்பக்கா பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"ஏறினாளா?" என்று கேட்டாள் நாத்தனார்.

உள்ளே ஏதோ இடிபட்டது. சுண்டு கெக்கலி கொட்டிச் சிரித்தாள். அவள் போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, அந்தச் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள்.

"இன்னும் இல்ல அண்ணி" என்றாள்.

அடுத்த எட்டு நாளும் அதையேதான் சொன்னாள்.